திறந்த வெளியில் சுடுதற்கும் வாட்டுதற்கும் ஏற்ற தணல் அடுப்பு

திறந்த வெளியில் தீ மூட்டி உணவைச் சுட்டு உண்பது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். கடலை பிடுங்கும் காலத்தில் காட்டிலேயே செத்தையைக் கூட்டிக் கடலையைச் சுட்டுத் தின்பதும், முற்றாத சோளக் கதிரையும் கம்பங் கதிரையும் அனலில் வாட்டி உதிர்ப்பதும், வள்ளிக் கிழங்கைச் சாம்பலிற் புதைத்து எடுப்பதும் குடியானவர் யாவரும் அறிந்தவை. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் ஆகிய பகுதிகளில் ஆடி மாதம் முதல் தேதியன்று தேங்காயின் கண்ணைத் துளைத்து, உள்ளே பாசிப்பருப்பு, வெல்லம், அவல், எள் முதலியவற்றை நிரப்பி, குச்சியிற் செருகி நெருப்பில் வாட்டும் நோன்பு இன்றும் நடைபெற்று வருகிறது. கோலில் கோத்து இறைச்சி சுடும் முறை கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையிலேயே பேசப்படுகிறது. குலதெய்வ வழிபாடு, ஆற்றங்கரை விருந்து, அறுவடை முடிந்த மகிழ்ச்சி ஆகிய எல்லாவற்றிலும் இவ்வகைச் சமையலுக்கு இடமுண்டு.

எனினும் பெரும்பாலான இடங்களில் இது நடைபெறும் விதம் திருப்தியளிப்பதன்று. மூன்று கற்களை வைத்து, கைக்குக் கிடைத்த விறகையெல்லாம் குவித்து, கொழுந்து விட்டெரியும் நெருப்பின் மேல் உணவைப் பிடிப்பதே வழக்கமாயிருக்கிறது. இதனால் மேற்புறம் கரிந்தும் உட்புறம் வேகாமலும் போகின்றது. வேண்டியதைக் காட்டிலும் பன்மடங்கு விறகு வீணாகின்றது. புகையினால் கண்கள் கெடுகின்றன. எல்லாவற்றினும் பெரிய கேடு, காற்றில் எழும் ஒரு பொறி கூரை வீட்டையோ வைக்கோற் போரையோ அழித்துவிடக் கூடும் என்பதே. ஏறத்தாழ 50 செங்கற்களும், ஐந்தாறு கிலோ இரும்புக் கம்பியும், அரை நாள் உழைப்பும் இருப்பின் இக்குறைகள் யாவற்றையும் நீக்கிக் கொள்ளலாம். அதற்குரிய முறை கீழே விவரிக்கப்படுகிறது.

சுவாலையும் தணலும்

இந்த அடுப்பின் அமைப்பு முழுவதும் ஓர் உண்மையை அடிப்படையாகக் கொண்டது. கொதிக்க வைப்பதற்கு ஏற்றது சுவாலை. சுடுவதற்கு ஏற்றது தணல் என்பதே அவ்வுண்மை.

விறகு தீயிலிட்டவுடன் எரிந்துவிடுவதில்லை. முதலில் அதிலுள்ள ஈரம் நீராவியாக வெளியேறுகிறது. பின்னர் சூடு ஏற ஏற, மரத்திலிருந்து ஒருவகை வாயுக்கள் கிளம்பிக் காற்றுடன் கலந்து எரிகின்றன. அவ்வாறு எரிவதே சுவாலை. வாயுக்கள் முற்றிலும் எரியாத போது அவையே புகையாகவும் கரிப்பிசினாகவும் மாறுகின்றன. வாயுக்கள் யாவும் தீர்ந்த பின் எஞ்சி நிற்பது கரி. அது புகையின்றிச் செந்நிறமாகக் கனன்று கொண்டிருக்கும். அதுவே தணல்.

சுவாலை காற்றுக்குத் தக்கபடி இங்குமங்கும் சாய்வது. பானையின் அடியை நக்கி அதனைச் சூடாக்குவதற்கு அது போதும். ஆனால் நேரே உணவின் மீது பட்டால் ஓரிடத்தைக் கருக்கி மற்றோரிடத்தை விட்டுவிடும். புகைக்கரியையும் அதன்மேற் படியச் செய்யும். தணலின் சூடோ வெயிலைப் போல் கதிர்களாகப் பரவுவது. பரப்பி வைத்த தணலின் மேல் எங்கும் ஒரே அளவான அனல் கிடைக்கும். தூரத்தைக் கூட்டியும் குறைத்தும் அதனை வேண்டிய அளவுக்குக் கொண்டு வரலாம். ஆகவே சுடுவதற்கென அமைக்கும் அடுப்பில் விறகு எரிவதற்கு ஓரிடமும், தணல் பரப்புவதற்கு வேறோரிடமும் இருத்தல் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்குவதே வழக்கமான அடுப்புகளின் குறையாகும்.

இடம் தெரிதல்

அடுப்பு கட்டுமுன் இடத்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். கூரை வீடு, கூரைக் கொட்டகை, வைக்கோற் போர், எருமுட்டைக் குவியல் ஆகியவற்றுக்குக் குறைந்தது 50 அடி தூரத்திலும், அவற்றினின்று காற்று வீசிச் செல்லும் திசையிலும் அடுப்பு இருப்பது நலம். அப்பொழுது பறக்கும் பொறி கூரையை நோக்கிப் போகாது. காற்று திசை மாறக்கூடியதாகையால் தூரத்தையும் திசையையும் சேர்த்தே கவனித்தல் வேண்டும். ஆடி மாதத்துக் காற்றில் இரண்டும் போதாமற் போகும். அந்நாட்களில் காற்று தணிந்த வேளையை எதிர்பார்ப்பதே விவேகம்.

கூரையின் கீழும் கூரையின் அருகிலும் சமையல் தீ எத்தகைய அழிவை விளைவிக்கும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற் கூடத்தில் பற்றிய நெருப்பு கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டு போயிற்று.

அடுப்பைச் சுற்றிலும் 10 அடி வட்டத்துக்குக் காய்ந்த புல்லையும் சருகையும் செதுக்கி அகற்றிவிட வேண்டும். மரத்தின் அடியில் தீ மூட்டலாகாது. வேர் வழியே நெருப்பு மண்ணுக்குள் கனன்று சென்று, அணைத்துவிட்டதாக எண்ணிய பின்னரும் வெளிப்படுவதுண்டு. காய்ந்த ஓலைகள் தொங்கும் பனை, தென்னைகளின் அருகாமை மேலும் அபாயமானது. ஒரு காவோலையில் பொறி பட்டால் தீ மரத்தின் உச்சிக்கு ஏறிவிடும். மேலே மின்சாரக் கம்பிகள் செல்லும் இடமும் விலக்கத்தக்கதே.

காப்புக் காடுகளில் தீ மூட்டுவதை 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் தடை செய்கிறது. தடை இருப்பதன் நியாயத்தை 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நேர்ந்த காட்டுத் தீ உணர்த்தியது. காய்ந்த புற்சரிவில் பரவிய அத்தீயில் அகப்பட்டு மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சரிவான நிலத்தில் தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதிலும் விரைவாக ஏறும் என்பதை யாவரும் நினைவில் வைத்தல் வேண்டும்.

அடுப்பின் அமைப்பு

பூட்டின் சாவித்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இவ்வடுப்பின் வடிவம் எளிதில் விளங்கும். ஒரு வட்டமும், அதனோடு சேர்ந்த ஒரு நீண்ட வாய்க்காலும் கொண்டது அது. வட்டத்தில் விறகு எரியும். அங்கு விழும் தணலை நீண்ட கரண்டியால் வாய்க்காலுக்குள் இழுத்துப் பரப்பி, அதன்மேல் உணவைச் சுட வேண்டும்.

முதலில் தரையைச் சமப்படுத்தி, உட்புறம் 2 அடி குறுக்களவுள்ள ஒரு வட்டம் வரைக. அதன் ஒரு பக்கத்திலிருந்து 1½ அடி அகலமும் 3 அடி நீளமும் உள்ள வாய்க்காலைக் கோடிட்டுக் கொள்க. கோட்டின் வெளியே செங்கற்களைப் படுக்க வைத்து மூன்று வரிசை அடுக்க வேண்டும். செங்கல் 9 அங்குல நீளமும் 3 அங்குல கனமும் உள்ளதாயின், சுவர் 9 அங்குல உயரம் எழும்பும். வாய்க்காலின் இரு பக்கங்களுக்கும் 24 கற்களும், அதன் கடைச் சுவருக்கு 6 கற்களும், வட்டத்துக்கு ஏறத்தாழ 20 கற்களும் பிடிக்கும். வட்டத்தில் காற்று வரும் பக்கத்தில் அடி வரிசையில் ஒரு கல்லின் அளவு இடைவெளி விட்டால், தீக்கு வேண்டிய காற்று அதன் வழியே புகும். காற்று மிகுந்தால் அக்கல்லை வைத்து அடைத்துக் கொள்ளலாம்.

ஒரு நாள் உபயோகத்துக்கான அடுப்பில் கற்களைச் சாந்தின்றி அடுக்குவதே போதும். வேலை முடிந்து சூடு ஆறியதும் எடுத்து வேறு காரியத்துக்கு வைத்துக் கொள்ளலாம். நிலையான அடுப்பு வேண்டுமாயின் மண் சாந்து கொண்டு கட்ட வேண்டும். களிமண் மட்டும் கொண்டு பூசினால் காய்ந்ததும் வெடித்துவிடும். புற்றுமண்ணோடு மணலும், பொடியாக நறுக்கிய வைக்கோலும் சேர்த்து, நீர் விட்டு மிதித்து, ஓரிரவு ஊற வைத்துப் பூசினால் வெடிப்பு குறையும். பூச்சு நிழலில் மெல்லக் காய்ந்த பின், முதலில் சிறு தீ மட்டும் இட்டுப் பழக்க வேண்டும். சிமெண்டுச் சாந்து நேர்த் தணலில் உதிர்ந்துவிடுமாதலால் அதற்காகச் செலவிடுவது பயனற்றது.

செங்கல் கிடைக்காத இடத்தில் கல் வைத்துக் கட்டலாம். ஆனால் ஆற்றிலும் ஓடையிலும் கிடந்த வழுவழுப்பான கற்களை எடுத்தல் ஆகாது. அவற்றின் நுண்ணிய துளைகளில் நீர் தங்கியிருக்கும். சூடேறும் போது அந்நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கல்லை வெடிக்கச் செய்யும். சில்லுகள் கண்ணிற் பாயக் கூடும். மேட்டு நிலத்தில் நெடுநாள் வெயிலில் கிடந்த கற்களே தகுந்தவை.

சுவர் கட்டுவதால் விளையும் ஆதாயத்தை முதன் முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ரம்போர்டு பிரபு என்பவர். அவர் 1753-இல் அமெரிக்காவில் பிறந்து பிற்காலத்தில் ஜெர்மானியப் பகுதியான பவேரியாவில் உயர் பதவி வகித்தவர். திறந்த தீயில் பெரும்பகுதிச் சூடு பாத்திரத்தைச் சேராமல் வீணே போவதைக் கண்டு, நெருப்பைச் செங்கற் சுவருக்குள் அடக்கி, காற்றை அளவாக விடும் சமையலடுப்புகளை அவர் அமைத்தார். மேற்கூறிய எளிய அடுப்பிலும் செங்கற் சுவர் அதே வேலையைச் செய்கிறது. பக்கங்களில் சிதறும் அனலை மறித்து உணவின் பக்கம் திருப்புவதோடு, காற்றையும் தடுக்கிறது.

கம்பித் தட்டு

வாய்க்காலின் மேல் வைத்து உணவை வாட்டுவதற்கு 2 அடிச் சதுரமான கம்பித் தட்டு ஒன்று வேண்டும். வாய்க்காலின் அகலம் 1½ அடியாகையால், தட்டு இரு பக்கச் சுவர்களின் மேலும் 3 அங்குலம் படிந்து உறுதியாக நிற்கும். வாய்க்காலின் நீளத்தில் 1 அடி திறந்தே இருக்கும். அதன் வழியே தட்டை எடுக்காமல் புதுத் தணலைச் சேர்க்கலாம்.

சட்டத்துக்கும், நடுத் தாங்கிக்கும், இரண்டு கைப்பிடிகளுக்கும் 8 மில்லிமீட்டர் கம்பி 4 மீட்டர் தேவை. குறுக்குக் கம்பிகளுக்கு 6 மில்லிமீட்டர் கம்பி 18 மீட்டர் தேவை. 8 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 395 கிராமும், 6 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 222 கிராமும் எடையுள்ளவை. ஆக மொத்தம் ஏறத்தாழ 5½ கிலோ இரும்பு பிடிக்கும். பட்டறைக்காரர் கூறும் எடையை இக்கணக்கோடு ஒத்துப் பார்த்துக் கொள்ளலாம். குறுக்குக் கம்பிகளை 2 சென்டிமீட்டர் இடைவெளியில் 29 வைத்துப் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்க வசதியில்லாத ஊரில், கட்டட வேலைக்குப் பயன்படும் கறுப்புக் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டியும் செய்யலாம்.

கம்பி வழுவழுப்பான உருட்டுக் கம்பியாக இருத்தல் நலம். வரிகளுள்ள கட்டடக் கம்பியின் இடுக்குகளில் கொழுப்பு படிந்து சுத்தம் செய்ய இயலாமற் போகும். புதுத் தட்டை முதலில் வெறுந் தணலின் மேல் அரை மணி நேரம் காய்ச்சி, எண்ணெய்க் கசடு எரிந்த பின் தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் ஒவ்வொரு முறையும் உபயோகித்த பின் மெல்லிதாகச் சமையல் எண்ணெய் தடவி வைத்தால் துருப் பிடியாது.

சுழற்கோல்

முழுக் கோழியையோ பெரிய இறைச்சித் துண்டையோ வாட்டுவதற்குத் தட்டை விடச் சுழற்கோலே சிறந்தது. 12 மில்லிமீட்டர் கனமுள்ள 4 அடி இரும்புக் கோலின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகும். கோல் உருண்டையாக இருந்தால், கோலைத் திருப்பும் போது உணவு திரும்பாது. கனத்த பக்கம் கீழேயே நின்றுவிடும். ஆகையால் சதுரக் கம்பியைத் தெரிந்தெடுப்பது நலம். உருட்டுக் கோலாயின் இரு புறமும் கவை போன்ற முட்களைச் செருகி உணவை இறுக்க வேண்டும். கோலின் ஒரு முனையை வளைத்துக் கைப்பிடியாக்கி அதில் மரக்கட்டை பொருத்திவிட்டால் கை சுடாது.

வாய்க்காலின் இரு கோடிகளிலும், மேல் நுனி கவையாக வளைத்த இரும்புத் தூண்களை ஓரடி ஆழம் அடித்து இறக்கி, அவற்றின் மேல் கோலை வைத்துச் சுழற்ற வேண்டும். தணலைக் கோலின் நேர் கீழே வைக்காமல் இரு ஓரங்களுக்கும் ஒதுக்கி, நடுவில் ஒரு தட்டை வைத்தால், வடியும் கொழுப்பு அதில் விழும். கொழுப்பு தணலில் விழுந்தால் சுவாலை எழும்பி உணவைக் கருக்கும். அப்புகை உடம்புக்கும் தீங்கானது.

சிறு துண்டுகளுக்கு மூங்கிற் குச்சிகள் போதும். அவற்றை அரை மணிக்கு மேல் நீரில் ஊற வைத்து எடுத்தால் எளிதில் எரிந்து போகா. ஆடி நோன்பில் தேங்காய்க்கு அழிஞ்சில் மரத்தின் பச்சைக் குச்சியைத் தேடிக் கொணர்ந்து செருகுவதிலும் இந்த யுக்தியே அடங்கியிருக்கிறது. பச்சைக் குச்சியின் சாறு தீயைத் தாங்குகிறது.

விலக்க வேண்டிய பொருள்கள்

வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களைக் கொண்டு இக்கருவிகளைச் செய்ய விரும்புவது இயல்பு, சிக்கனமும் கூட. ஆயினும் பின்வருவனவற்றை எக்காரணம் கொண்டும் உபயோகிக்கலாகாது.

முதலாவது, ஜி.ஐ. கம்பி என வழங்கும் துத்தநாகம் பூசிய கம்பியும் வலையும். துத்தநாகம் ஏறத்தாழ 420 டிகிரி சூட்டில் உருகிவிடும். தணலின் சூடோ அதனினும் மிக அதிகம். பூச்சு எரிந்து எழும் வெண்புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் காணும். வேலிக் கம்பி, கோழிக் கூண்டு வலை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பழைய குளிர்பெட்டியின் கம்பித் தட்டுகளிலும் இத்தகைய நச்சு உலோகப் பூச்சு இருக்கக் கூடும்.

இரண்டாவது, பூச்சி மருந்தோ வேறு இரசாயனமோ இருந்த டப்பாக்களும் பீப்பாய்களும். எத்தனை முறை கழுவினாலும் அவை உணவுக்கு உதவா. எண்ணெய் இருந்த பீப்பாயை வெட்டி அடுப்பாக்குவதிலும் அபாயமுண்டு. காலியாகத் தோன்றும் பீப்பாயில் தங்கிய ஆவி, வெட்டும் பொறி பட்டு வெடிக்கும். எனவே அறியாதவர்கள் அதில் கை வைத்தலாகாது.

மூன்றாவது, வர்ணம் பூசிய இரும்பும் பழைய கதவு ஜன்னல்களின் மரமும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு.

விறகு

புதிதாக வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீரே. அதனை எரிப்பவன் விறகின் சூட்டில் ஒரு பகுதியைத் தண்ணீரை ஆவியாக்குவதற்கே செலவிடுகிறான். நன்கு உலர்ந்த விறகில் 15 முதல் 20 சதவீதம் வரையே ஈரம் இருக்கும். உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் 3,500 முதல் 4,000 கிலோ கலோரி வரையும், கரி ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 7,000 கிலோ கலோரியும் சூடு கிடைக்கும். மழைக்காலத்துக்கு முன்பே விறகைப் பிளந்து, காற்றுப் புகும்படி அடுக்கி, மேலே மூடி வைப்பது எவ்விதச் செலவுமின்றி விறகைப் பெருக்குவதற்குச் சமானமாகும்.

கருவேல், வேலிக்கருவேல், புளி, சவுக்கு ஆகிய கனத்த மரங்கள் நெடுநேரம் நிற்கும் தணலைத் தரும். கொட்டாங்கச்சியின் தணல் மிக உஷ்ணமானது. முருங்கை, இலவு போன்ற மெல்லிய மரங்கள் விரைவில் எரிந்து சாம்பலாகிவிடும். அவை தீ மூட்டுவதற்கே உதவும். அரளி, தில்லை, சேராங்கொட்டை மரங்களை அடுப்பிலிடவோ அவற்றின் குச்சியில் உணவைச் செருகவோ கூடாது. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும். சேராங்கொட்டையின் புகை உடம்பைப் புண்ணாக்கும். பிளாஸ்டிக்குப் பைகளையும் டயர்த் துண்டுகளையும் தீ மூட்டப் பயன்படுத்துவது உணவில் நஞ்சைக் கலப்பதே ஆகும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஊற்றுவதால் உண்டாகும் மரணங்கள் யாவரும் அறிந்தவை. தென்னை நாரும் பனையோலைச் சருகும் அவ்வேலையைத் தீங்கின்றிச் செய்யும்.

தணலை ஆளும் முறை

வட்டத்தில் தீ மூட்டி முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் போதிய தணல் சேரும். அதன் மேல் மெல்லிய வெண்சாம்பல் படர்ந்து புகை நின்றதும் வாய்க்காலில் 3 அங்குல கனத்துக்குப் பரப்ப வேண்டும். 9 அங்குலச் சுவரின் மேல் வைத்த கம்பித் தட்டுக்கும் தணலுக்கும் இடையே அப்பொழுது 6 அங்குல தூரம் இருக்கும். சூடு மிகுதியாயின் இரு பக்கமும் ஒரு வரிசைச் செங்கல் கூட்டித் தட்டை உயர்த்தலாம். விருந்தினர் பலராயின், வட்டத்தில் தொடர்ந்து விறகிட்டு, குறையும் தணலை அவ்வப்போது ஈடு செய்யலாம். இவ்வமைப்பின் பெரும் வசதி இதுவே.

சூட்டை அளக்கக் கையே போதும். தட்டு இருக்கும் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி மெல்ல எண்ண வேண்டும். இரண்டு மூன்று எண்ணுமுன் கையை இழுக்க நேர்ந்தால் அது கடுஞ்சூடு. மீனுக்கும் அப்பளத்துக்கும் ஏற்றது. நான்கைந்து வரை தாங்கினால் நடுத்தரம். கதிர், கத்தரிக்காய், இறைச்சித் துண்டுகளுக்கு உகந்தது. ஆறு முதல் எட்டு வரை தாங்கினால் இளஞ்சூடு; கிழங்குக்கும் பிளந்து விரித்த கோழிக்கும் அதுவே சரி. பெரிய பண்டத்துக்கு இளஞ்சூடும் நீண்ட நேரமும், சிறியதற்குக் கடுஞ்சூடும் குறைந்த நேரமும் என்பது விதி.

கோழியின் தொடையை எலும்பு வரை குத்திப் பார்த்தால் வடியும் நீர் சிவப்பின்றித் தெளிவாயிருத்தல் வேண்டும். கிராமத்துச் சமையலில் இல்லாவிடினும், சங்கத்தில் வெப்பமானி இருப்பின் சதையின் நடுவில் 74 டிகிரி காட்டுவது உத்தமம். பச்சை இறைச்சி வைத்த தட்டிலேயே வெந்ததையும் வைப்பது வயிற்றுப் போக்குக்கு வழி கோலுவதாகும்.

அணைத்தலும் பாதுகாப்பும்

உண்டு முடிந்ததும் தணலை மண்ணிட்டு மூடிவிட்டுப் போவது பல இடங்களிலும் காணும் பழக்கம். இது நல்லதென்று தோன்றினும் கெடுதியே விளைப்பது. மண்ணின் கீழ் தணல் பல மணி நேரம் உயிரோடிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தணலின் மீது மறுநாட் காலை விளையாடும் குழந்தை காலை வைக்கும். ஆகவே சற்று விலகி நின்று, தணலைப் பரப்பி, சிறிது சிறிதாக நீர் தெளித்து, கிளறி, மீண்டும் நீர் தெளித்து, சாம்பலின் மேல் புறங்கையைக் காட்டினால் சூடே தெரியாத வரையில் அணைத்த பின்னரே அவ்விடத்தை விட்டகல வேண்டும். அணைந்த கரியைக் காய வைத்து அடுத்த முறைக்கு உபயோகிக்கலாம்.

திடீரென மழை பெய்தால் தணல் சட்டியை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகைக்குள்ளோ கொண்டு போகும் வழக்கத்தை அடியோடு ஒழிக்க வேண்டும். தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு எனும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது பற்றிக் கொள்வதால், அறைக்குள் உறங்குவோர் உறங்கியபடியே இறந்துவிடுவர். புகை இல்லாமையைக் கண்டு அபாயம் இல்லையென எண்ணுவதே இதிலுள்ள கொடுமை.

அடுப்பின் பக்கத்தில் இரண்டு வாளி நீரும் ஒரு வாளி மணலும் எப்பொழுதும் நிரம்பி இருக்க வேண்டும். சமையல் செய்வோர் தொங்கும் முந்தானையையும் மேல் துண்டையும் இடுப்பில் செருகிக் கொள்வதும், நைலான் முதலிய துணிகளை விலக்கிப் பருத்தியாடை அணிவதும் அவசியம். குழந்தைகளைத் தடுக்க அடுப்பிலிருந்து 6 அடி தூரத்தில் சுற்றிலும் கயிறு கட்டிவிடலாம். யாருக்கேனும் தீக்காயம் பட்டால், உடனே 20 நிமிஷ நேரம் குளிர்ந்த நீரை அதன்மேல் ஓடவிட வேண்டும். மாவு, மசி, சாணம், எண்ணெய் எதையும் தடவலாகாது. காயம் பெரிதாயின் சுத்தமான துணியால் மூடி, 108 எண்ணுக்குத் தெரிவித்து, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஆண்டில் இரண்டு மூன்று நாட்களுக்கு மாத்திரம் தேவைப்படும் கருவியை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செய்து வைப்பது பணத்தை முடக்குவதாகும். கைக்குக் கிடைத்த ஜி.ஐ. கம்பியையும் பழைய டப்பாவையும் மக்கள் நாடுவதும் இதனாலேயே. கூட்டுறவுச் சங்கம் இக்குறையை எளிதில் தீர்க்கலாம்.

கம்பித் தட்டு இரண்டு, சுழற்கோல் ஒன்று, தூண்கள் இரண்டு, நீண்ட கரண்டியும் குறடும் ஒவ்வொன்று, வாளிகள் மூன்று, செங்கல் 50 ஆகியவற்றை ஒரு தொகுதியாகச் சங்கம் வாங்கி வைக்கலாம். இத்தொகுதிக்கு ரூ.4,000 ஆகுமென்று வைத்துக் கொண்டால், தடவைக்கு ரூ.100 வீதம் 40 தடவை வாடகைக்கு விட்ட பின் முதல் திரும்பிவிடும். இரும்புக் கருவிகள் துருவின்றிப் பேணப்பட்டால் அதன் பின்னும் பல ஆண்டுகள் உழைக்கும். பெற்றுக் கொள்ளும் அங்கத்தினரின் கையொப்பம், திருப்பிய தேதி, பழுதுகள் ஆகியவற்றுக்குத் தனிப் புத்தகம் வைத்தல் வேண்டும். சிறு தொகை முன்பணமாக வாங்கி, சுத்தம் செய்து திருப்பியதும் கொடுத்துவிடும் விதி இருப்பின், கருவிகள் கெடாமல் நிற்கும்.

வாடகைக்குத் தருவதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடாது. இடத்தைப் பார்த்து, காற்றின் திசையைக் கண்டு, தீ அணைந்தபின் சாம்பலைத் தொட்டுப் பார்ப்பதற்கு அங்கத்தினருள் பொறுப்புள்ள ஒருவரை நியமிப்பது சாலச் சிறந்தது. ஊரில் ஒரு கூரை எரிந்தால் நஷ்டம் ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. அடுத்த கூரைக்கும் பரவும். அவர்கள் வாங்கிய கடன் சங்கத்தின் ஏட்டில் நிலுவையாக நிற்கும். ஆகவே ஒரு வீட்டின் அடுப்பைக் காப்பது ஊர் முழுவதையும் காப்பதாகும். அடுத்த மகாசபைக் கூட்டத்தன்று சங்கக் கட்டடத்தின் வெளியே இவ்வடுப்பு ஒன்றைக் கட்டி, அங்கத்தினர் முன்னிலையில் நான்கு கதிர்களையும் கத்தரிக்காய்களையும் வாட்டிக் காட்டினால், எழுத்தில் விவரித்தவை யாவும் ஒரு நாழிகையில் விளங்கிவிடும்.